பண்ணை வைத்திருந்த ரிவால்வர்

பண்ணைக்குச் சுடத் தெரியாது. எங்கள் ஊரில் இதை யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. அவர் செத்துப் பல வருடமாகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அறுப்புக் காலத்தில் களத்துமேட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவார். பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் வெற்றிலைப் பெட்டியும் ரிவால்வரும் இருக்கும். அவருடைய தம்பி வெளிநாட்டில் படித்துவிட்டுக் கப்பலில் திரும்பியபோது கொண்டுவந்து அண்ணனுக்குக் கொடுத்தது என்பார்கள். நீளக் குழல், வளைந்த மரப்பிடி, நடுவில் உருளுகிற சிலிண்டர். இன்ஸ்பெக்டர் இடுப்பில் இருப்பதுபோலக் கட்டையாக இருக்காது. குதிரையும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள் வருகிற படத்தில் இருக்குமே, அந்த மாதிரி.

நெல்லில் கிளியோ மடையானோ இறங்கினால் எடுத்துச் சுடுவார். ஒரு பறவைகூட விழுந்து நான் பார்த்ததில்லை. எதிரில் நிற்கும் தென்னையின் மட்டை ஆடினால் அதுவே பெரிய விஷயம். "ஆண்டை குறி தப்பாது" என்று அவருடைய நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் சொல்லுவார். களத்தில் கதிர்க்கட்டு அடிக்கிற அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் நிற்பார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பு வராமலா இருந்திருக்கும்?

என் அப்பா அந்தக் களத்தில் கட்டடித்தவர். ஒரு வருடம் கூலி நெல் கூடுதலாக வேண்டும் என்று எங்கள் தெரு ஆட்கள் கதிர்க்கட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பண்ணை ரிவால்வரை எடுத்து வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டார். எல்லோரும் எழுந்து போய்க் கட்டை எடுத்தார்கள். அவ்வளவுதான் அந்தப் போராட்டம். அதைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு அந்தத் துப்பாக்கிமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசைதான் வந்தது. குடவாசல் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து நாங்கள் பார்த்த படங்களில் தமிழ் பேசும் ஆட்களே தொப்பி போட்டுக்கொண்டு, பனங்காட்டுக்குள் குதிரை விட்டுக்கொண்டு, இதே மாதிரி துப்பாக்கியை விரலில் சுழற்றினார்கள். அவர்கள் சுட்டால் ஆள் விழுந்தான். பண்ணையிடம் இருந்தது தப்பான கையில் இருக்கிற சரியான சாமான் என்று எனக்குத் தோன்றும். அந்த வயதில் தோன்றியது எனக்கு மாறவே இல்லை.

டீசல் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு சவுதிக்குப் போனேன். பாலைவனத்தில் ரோடு போடுகிற கம்பெனி. நல்ல வேலை, நாய்ப் பிழைப்பு, இரண்டும் ஒன்றாக. திரும்பி வந்தபோது ஊர் மாறியிருந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத். எல்லா வீட்டுக் கூரையிலும் கேபிள் வயர். நாட்டின் கதவைத் திறந்துவிட்டோம் என்று டெல்லியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் ஆற்றுக் கதவு மட்டும் திறக்கவில்லை. ஆனி முடிந்தும் காவிரியில் மணல்தான் கிடந்தது. குறுவை போய்விட்டது, சம்பா ஒன்றுதான் மிச்சம். நான் பஞ்சாபிலிருந்து பழைய அறுவடை மெஷின் ஒன்றை வாங்கி வந்து வாடகைக்கு விட்டேன். என் தெரு ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்கள் நாள் கணக்கில் குனிந்து செய்கிற வேலையை மெஷின் ஒரு பொழுதில் தின்றுவிடும். அவர்கள் கோபம் நியாயம்தான். நான் வாங்காவிட்டால் வேறு எவனாவது வாங்கியிருப்பான் என்பதும் நியாயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் பண்ணை இறந்தார். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். காரியத்துக்கு வந்தவன் நிலத்தைப் பிரித்துப் பிரித்து விற்றான். அதில் ஒரு துண்டை நான் வாங்கினேன். பத்திரம் முடிந்து வெளியே நிற்கும்போது அவனே பேச்செடுத்தான்.

"நீங்க நம்ம பழைய ஆளோட மகன்தானே?"

"ஆமாம். உங்க களத்துல கட்டடிச்சவரோட மகன்."

அவன் கொஞ்சம் நெளிந்தான். பிறகு, "அப்பாவோட ரிவால்வர் ஒண்ணு திருச்சியில ஆயுதக் கடையில போட்டு வச்சிருக்கேன். ஞாபகமா எடுத்துட்டுப் போலாம்னு பார்த்தேன். எதுக்கு வம்பு, அங்க இதெல்லாம் கடையிலேயே தொங்குது, வேணும்னா வாங்கிக்கலாம். யாராவது கேட்டா சொல்லுங்க" என்றான்.

"நான் கேக்கறேன்" என்றேன்.

அவன் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

முதலில் லைசென்ஸ். கலெக்டர் ஆபீசில் மனு போட்டேன். விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அந்த இன்ஸ்பெக்டர் ஓய்வுபெறப் போகிற வயசு. கெட்ட மனுஷன் இல்லை. பழைய ஆள், அவ்வளவுதான்.

"யாரால ஆபத்து?" என்றார்.

"புரியலைங்க."

"தற்காப்புக்குன்னு போட்டிருக்கீங்கல்ல. யார்கிட்டேருந்து தற்காப்பு? பேரைச் சொல்லுங்க."

"பேர்னு யாரும் இல்லைங்க. மெஷின் வாடகைய வசூல் பண்ணிக்கிட்டு ஊர் ஊரா வர்றேன். கையில பணம் இருக்கும்."

"பேங்க்ல கட்டுங்க."

"பண்ணைக்குக் குடுத்தப்ப ஊர்ல பேங்க் இல்லீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாருங்க. அவருக்கு உங்க தெருவால ஆபத்து. அப்படித்தான் சொல்லி வாங்கினாரு. அது ஒரு காரணம், ஒத்துக்கலாம். உங்களுக்கு யாரால?"

எங்கள் தெருவில் அந்த நாளில் ஆயுதம் என்றால் கதிர் அறுக்கிற அரிவாள். அதுவும் பண்ணை வீட்டு அரிவாள். அறுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கி வைத்துவிடுவார்கள். ராத்திரிக் கஞ்சிக்கு வழி தேடுகிற என் அப்பன்தான் அந்தப் பெரிய மனுஷனுக்கு ஆபத்து.

"அப்ப எனக்கு அவங்க தெருவாலன்னு எழுதிக்குங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். "குசும்பு ஜாஸ்தியா இருக்குய்யா உமக்கு. அப்படியெல்லாம் எழுத முடியாது." கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். 'அடையாளம் தெரியாத வழிப்பறிக்காரர்கள்' என்று எழுதிக்கொண்டார். உலகத்தில் இதுவரை எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரே கூட்டம் அதுதான்.

ஊரில் விசாரிக்க வந்தபோது மேலத்தெருவில் பண்ணையின் பங்காளி ஒருவர், "அவங்களுக்கு எதுக்குங்க அது? கோழி பிடிக்கவா?" என்று கேட்டாராம். ஏட்டு என்னிடம் வந்து அதைச் சொல்லிவிட்டு டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார். லைசென்ஸ் வந்தது. எத்தனை நடை, எத்தனை கும்பிடு என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

திருச்சிக் கடைக்காரர் ஒரு பாய். பரம்பரையாக ஆயுத வியாபாரம். ரிவால்வரைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தவர், அதைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டினார்.

"அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன். நம்ம சர்க்கார் தயாரிப்பு எடுத்துக்குங்க. விசைய அழுத்தினா போதும், சுடும். பண்ணை வச்சிருந்தது சிங்கிள் ஆக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால சுத்திய பின்னால இழுத்து வைக்கணும். அப்பறம்தான் விசை. திருடன் வந்தா அவன உக்காரச் சொல்லிட்டுத்தான் சுடணும்."

"திருடன் வரமாட்டான் பாய்."

"அப்ப எதுக்குண்ணே?"

"எனக்கு அதுதான் வேணும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு துணியைப் பிரித்தார்.

அத்தனை வருடம் தூரத்தில் இருந்தே பார்த்த சாமானை முதல்முறையாகக் கையில் எடுத்தேன். கனம் நான் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் பிடி உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த விதம் இருக்கிறதே, நல்ல ஸ்பேனர் கையில் உட்காருமே, அதுமாதிரி. சுத்தியைப் பின்னால் இழுத்தேன். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கேட்டது. சிலிண்டர் ஒரு அறை தள்ளி வந்து நின்று பூட்டிக்கொண்டது. ஒரு சொட்டு ஆட்டம் இல்லை. மெக்கானிக்குக்கு அந்தச் சத்தம் போதும். செய்தவன் வேலை தெரிந்தவன்.

பாய் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தினால் சிலிண்டர் கையால் சுழலும். வலது பக்கம் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து ஒவ்வொரு அறையாக உருட்டித் தோட்டா போட வேண்டும். சுட்டு முடித்தபின் குழலுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தள்ளிக் காலிக் கூட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். "ஒரு அறையைக் காலியா விட்டு, சுத்தி அதுமேல படியற மாதிரி வைங்கண்ணே. பழைய மாடல். கீழ விழுந்தா தானே வெடிச்சிரும்" என்றார். இப்படி நிதானமாகச் செய்ய வேண்டிய ஒரு சாமானை அவ்வளவு அவசரக்காரரான பண்ணை எப்படி வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காரியக்காரர்தான் தோட்டா போட்டுக் கொடுத்திருப்பார். அந்த வீட்டில் எல்லாவற்றையும் வேறு ஒருவன்தான் செய்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன அலைச்சல்? ஒரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா பார்க்கவே இல்லை. கூடத்தில் நான் துணி விரித்து உட்கார்ந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

"வந்து பாரேன்ப்பா. அதேதான்."

"அதேதான்னு எனக்குத் தெரியும். நான் பாத்ததுதான்."

"கையில எடுத்துப் பாரு."

"எனக்கு எதுக்குடா அந்தக் கருமம்."

கோடையில் வயல் வெடித்துக் கிடந்தது. நான் வாங்கிய துண்டில் முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர். குண்டு அதைத் தாண்டிப் போகாது. ஒரு காலை அங்கே கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்துவிட்டு, மாடு மேய்க்கிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, சுட ஆரம்பித்தேன். அப்பாவைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்து மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

முதல் தோட்டா. இழுத்தேன், அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம். தீபாவளிக்குச் சின்னப் பிள்ளைகள் கல்லில் வைத்து உடைக்கிற வெடி அளவுக்குத்தான்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என்னடா, புஸ்ஸுன்னு போயிருச்சா?"

"இல்லப்பா. சுட்டுட்டேன்."

"சத்தம் எங்க?"

"இவ்ளோதான் சத்தம். சின்னத் தோட்டா. பாயின்ட் டூ டூ."

"இன்னொரு தடவ சுடு."

சுட்டேன். அதே சத்தம். அவர் பள்ளத்துக்குள் இறங்கி வந்தார். என் கையில் இருந்ததை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"வேற துப்பாக்கி மாத்திக் குடுத்துட்டானா பாயி?"

"அதேதான்ப்பா. நம்பர் பாத்து வாங்கியிருக்கேன்."

"அன்னிக்கு இடி மாதிரி கேட்டுச்சேடா."

அவர் மண்சுவரைப் பார்த்தார். பிறகு, "இதுக்கா எந்திரிச்சுப் போனோம்" என்றார். என்னிடம் சொன்னமாதிரி இல்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பண்ணைமேல் கோபமா, தன்மேல் கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த தோட்டாவில் என் குறி தப்பியது. கொட்டாங்கச்சி அப்படியே இருந்தது. அப்பா சத்தமாகச் சிரித்தார். "தூ! பண்ணை பரவால்லடா!" என்றார். மேட்டில் மாடு மேய்த்தவர்களும் சிரித்தார்கள். அவர் அப்படி வயிறு குலுங்கச் சிரித்த நாட்களை எண்ணிச் சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு நல்ல நாட்கள். அதையும் சொல்ல வேண்டும். தோட்டா குறைவாகத்தான் கொடுப்பார்கள், காலிக் கூட்டைத் திருப்பிக் காட்டினால்தான் புதுசு கிடைக்கும். அதனால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் சுடுவேன். சுத்தியை இழுக்கும்போது மூச்சு தானாக நிதானப்படும். அவசரப்படுத்த முடியாத சாமான் அது. மெஷின் வாடகைத் தகராறு, டீசல் விலை, தண்ணீர் வராத ஆறு எல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துபோகும். போகப்போகப் பத்துக்கு எட்டு கொட்டாங்கச்சி உடைந்தது. எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது அப்பா எதிரில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுப்பார். சிலிண்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தால் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை ஓட்டையாகப் பார்ப்பார். "அந்த ஓரத்துல கரி நிக்கிது பாரு" என்பார். ஒருநாள் காலிக் கூடு ஒன்றைத் தர மாட்டேன் என்று மடியில் முடிந்துகொண்டார். சேற்றில் விழுந்துவிட்டது என்று பாயிடம் நான் பொய் சொன்னேன். ஊரில் யாராவது வீட்டுக்கு வந்தால், "தம்பி, அத எடுத்துட்டு வா, காட்டுவோம்" என்று அவரே ஆரம்பித்துவிடுவார்.

பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுச் சட்டம். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலத்தெருக்காரர்களின் இரட்டைக் குழல் துப்பாக்கிகள் ஏற்கனவே சுவரில் சாய்ந்து நின்றன. எல்லாம் எண்ணெய்த் துணி சுற்றி, உறையில் போட்டு, வாய் தைத்து. எனக்கு அந்தப் பழக்கம் தெரியாது. நான் வெறும் துணிப்பையில் கொடுத்தேன்.

அந்தத் தேர்தல் நேரத்தில்தான் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை எப்படி என்று தெரியும். லாரிக்கு, சைக்கிளுக்கு, தையல் மெஷினுக்கு, தராசுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் அறுவடை மெஷினுக்கு நானே படம் வரைகிற மாதிரி பூசுவேன். ஸ்டேஷனிலும் பூஜை போட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் அவர்கள் துப்பாக்கிகளோடு என் ரிவால்வரையும் வைத்துச் சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்து அள்ளிப் பூசியிருக்கிறார்கள். சுத்தியிடுக்கில், சிலிண்டர் முகப்பில், குழல் வாயில். அபிஷேகம்தான். பூஜை முடிந்ததும் அப்படியே பையில் போட்டுவிட்டார்கள். வெளியே ஐப்பசி மழை.

தேர்தல் முடிந்து வாங்கப் போனபோது சுத்தி அசையவில்லை. சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகி, அடியில் துரு பூத்திருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

ஸ்டேஷன் ரைட்டர் பெருமையாகச் சொன்னார்: "சினிமாத் துப்பாக்கி மாதிரி அழகா இருந்துச்சுல்ல, அதான் சாமிக்கு நேரா நடுவுல வச்சோம்."

"அந்த உறை போட்டதையெல்லாம் பிரிச்சுப் பூசினீங்களா?"

"அவங்கல்லாம் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"நான் சொல்லலைன்னா பூசிருவீங்களா?"

"சாமி காரியம்யா. வாய அடக்கிப் பேசு."

நான் அடக்கிப் பேசவில்லை. இருபது வருடம் தேக்கி வைத்திருந்ததெல்லாம் அன்று அந்தச் சந்தனத்தின் பேரில் வெளியே வந்தது. ஏட்டு என்னைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்வரை கத்தினேன். கேவலமாகக் கத்தினேன். அதற்காக வருத்தப்படவில்லை.

வீட்டில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டு வாரத்தில் சரிசெய்தேன். பழையபடி சுழன்றது. ஆனால் குழலின் பக்கவாட்டில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள் நின்றுவிட்டன. அப்பா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "அவன் கையில இருந்தப்ப இப்படி ஆகலியே" என்றார்.

மூன்றாவது வருடம் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்க முடியாது. அதற்குள் அந்தப் பழைய இன்ஸ்பெக்டர் போய்விட்டார். புதிதாக வந்தவர் சின்ன வயசு, படித்தவர், நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். ரைட்டர் அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன என்று எனக்குத் தெரியும்.

"இந்த மூணு வருஷத்துல வழிப்பறி முயற்சி ஏதாவது?"

"இல்லைங்க."

"மிரட்டல்?"

"இல்லைங்க."

"அப்ப தேவையில்லைன்னு தெரியுதுல்ல?"

"மேலத்தெருவுல யாரையாவது இப்படிக் கேப்பீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "சார், உங்கமேல ஒரு மனு வந்திருக்கு. வயல்ல சுடறீங்க, பொம்பளைங்க வேலைக்கு வரப் பயப்படறாங்கன்னு. மேலத்தெரு மட்டுமில்ல, உங்க தெரு ஆளுங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அறுவடை மெஷின மறிச்சு நிறுத்தப் போறதாவும் சொல்றாங்க."

என் தெரு. மேட்டில் உட்கார்ந்து அப்பாவோடு சேர்ந்து சிரித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள். மேலத்தெருக்காரர்கள் என்ன சொல்லி அவர்களிடம் கையெழுத்து வாங்கினார்களோ. ஒன்றும் சொல்லத் தேவையில்லை. மெஷின் போதும்.

அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. மெஷின் விஷயத்துல உங்க தெரு ஆளுங்களால உயிருக்கு ஆபத்துன்னு நீங்க எழுதிக் குடுங்க. நாலு பேர் பேர் போடுங்க. அது வலுவான காரணம். நானே ரெகமண்ட் பண்றேன். புதுப்பிச்சிரலாம்."

உதவி செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். அதில் சந்தேகமில்லை. பேப்பரையும் என் பக்கம் தள்ளினார்.

நாலு பேர். யார் பேரைப் போடுவது? மெஷினைத் திட்டிக்கொண்டே அதன்பின்னால் சிதறின கதிர் பொறுக்கப் போகிற கிழவியையா? பண்ணைக்கு எதிரே என் அப்பாவோடு உட்கார்ந்தவர்களில் மிச்சமிருக்கிறவர்களையா? அவர்களுக்கு என்மேல் கோபம். என்னை வெட்ட வருவார்கள் என்று எழுதினால் அது பொய். அந்தப் பொய்யை ஏற்கனவே ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"முடியாதுங்க" என்றேன்.

"அப்ப நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

மேலே எழுதிப் பார்த்தேன். நடந்தேன். நிராகரித்துவிட்டார்கள். கெடு முடிவதற்குள் திருச்சிக்குக் கொண்டுபோய் பாய் கடையில் போட்டேன். பாய் குழலை வெளிச்சத்தில் பார்த்து, துருக்குழிகளைப் பார்த்து, பேரேட்டில் பதிந்துகொண்டார். விற்றால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். பணம் இன்றுவரை வந்துசேரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையைப் பார்த்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் சொன்னதை அதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று சொன்னேன். பேப்பரைத் தள்ளியது, நாலு பேர் பேர் கேட்டது, நான் முடியாது என்றது. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன் போல.

"எழுதிக் குடுக்க வேண்டியதுதானடா" என்றார்.

"என்னப்பா சொல்ற? நம்ம ஆளுங்க மேலயா?"

"நம்ம ஆளுவதான் உன் மேல எழுதிக் குடுத்தானுவ. அந்தப் பண்ணை எங்க மேல எழுதிக் குடுத்து ஆயுசுக்கும் வச்சிருந்தான். நீ என்ன பெரிய இவனா?"

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். நம்ம வீட்டுல இருந்துச்சுல்லடா அது. நம்ம வீட்டுல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போ. உனக்குப் பொழைக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுத் தெருப்பக்கம் இறங்கி நடந்தார்.

மனு கொடுத்தவர்கள் வீட்டு வழியாகத்தான் போனார். ஒருவன் அவரைப் பார்த்து, "என்னண்ணே, மவன் வந்துட்டானா?" என்று கேட்டான். அவர் நின்று, "வந்துட்டான், வந்துட்டான்" என்று பதில் சொல்லிவிட்டு, அவனிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் சாகும்வரை எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. நான் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். அவர் அதை ஒத்துக்கொள்ளாமலேயே போய்விட்டார்.